ஃப்ரீ டின்னர், பத்து வருஷப் பூட்டு: அமெரிக்க ரிட்டயர்மென்ட் செமினார்களின் கணக்கு

அமெரிக்காவில் 60 வயதை நெருங்கும் ஒருவருடைய தபால் பெட்டியில் அடிக்கடி வந்து விழும் ஒரு கார்டு இருக்கிறது. பளபளப்பான தாள். ஒரு பக்கம் ஸ்டேக், ஒயின் கிளாஸ் படம். மறுபக்கம், "நீங்களும் உங்கள் துணைவரும் வாருங்கள், இரவு உணவு எங்கள் செலவு" என்ற அழைப்பு. தலைப்பு எப்பவும் ஒரே மாதிரிதான்: சோஷியல் செக்யூரிட்டியை எந்த வயதில் வாங்கினால் லாபம், ரிட்டயர்மென்ட்டில் வரியைக் குறைப்பது எப்படி, மார்க்கெட் விழுந்தாலும் உங்கள் பணம் விழாமல் இருக்க என்ன வழி. கீழே, இடங்கள் குறைவு, முன்பதிவு அவசியம். அதற்கும் கீழே, பல கார்டுகளில், "இந்த நிகழ்ச்சியில் எதுவும் விற்கப்படாது."

அந்தக் கடைசி வரி பெரும்பாலும் உண்மை. அன்றைக்கு ராத்திரி எதையும் விற்க மாட்டாங்க. விற்பனை அடுத்த வாரம், அவங்க ஆபீஸ்ல, கதவைச் சாத்திட்டு நடக்கும்.

28 வயசுல, சம்பளத்துல எஸ்.ஐ.பி போட்டுக்கிட்டு இருக்கிற நமக்கு இது எதுக்குன்னு கேட்கலாம். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் செட்டிலாகி 50-ஐத் தாண்டிய நம்ம ஊர்க்காரர்களின் தபால் பெட்டிக்கும் இந்தக் கார்டு போகும். அது ஒரு காரணம். இன்னொன்று, "இலவசம்" என்று வரும் நிதி ஆலோசனைக்கு யார் பில் கட்டுகிறார்கள் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் உதாரணம் வேறு இல்லை. இதைப் புரிந்துகொண்டால், ஆபீஸ் கான்ஃபரன்ஸ் ரூமில் பீட்சாவோடு நடக்கும் "ஃபைனான்ஷியல் வெல்னஸ்" கூட்டமும் புரிந்துவிடும்.

ஏன் சரியாக ரிட்டயர்மென்ட் நேரத்தில்?

அங்கே சம்பளக்காரர்களின் பெரிய சேமிப்பு 401(கே). 1978-ல் வந்த வருமான வரிச் சட்டத் திருத்தத்தின் பிரிவு எண்தான் அந்தப் பெயர். நம்ம ஈ.பி.எஃப் மாதிரி சம்பளத்தில் பிடித்தம், கம்பெனி பங்களிப்பு எல்லாம் உண்டு. ஆனால் பணம் ஃபண்டுகளில் போய் மார்க்கெட்டில் வளர்கிறது. வேலையில் இருக்கும்வரை அந்தப் பணத்தை வெளியே எடுப்பது பெரும்பாலும் முடியாது, அல்லது கஷ்டம். அதனால் வெளி ஏஜென்ட் யாரும் அதைத் தொட முடியாது.

ரிட்டயர் ஆகும் நாளில் அந்தக் கதவு திறக்கிறது. மொத்தப் பணத்தையும் வரியில்லாமல் ஐ.ஆர்.ஏ என்ற தனிநபர் கணக்குக்கு மாற்றலாம். ரோல்ஓவர் என்பார்கள். 30 வருஷமா சேர்த்த பணம், முதல் முறையாக, ஒரே ஒரு கையெழுத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் டின்னர். அழைப்பு வரும் வயதும் இதோடு பொருந்துகிறது: 59½ வயதுக்கு முன் ஐ.ஆர்.ஏ-விலிருந்து எடுத்தால் பொதுவாக 10 சதவிகிதம் அபராத வரி உண்டு, அதன் பிறகு இல்லை.

டின்னர் பில் கணக்கு

இப்போது நாமே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 25 பேருக்குச் சாப்பாடு, ஆளுக்கு 80 டாலர், மொத்தம் 2,000. சில ஆயிரம் பேருக்குக் கார்டு அச்சடித்து அனுப்ப 5,000. ஆக ஒரு ராத்திரிக்கு 7,000 டாலர்.

வந்த 25 பேரில் பெரும்பாலும் தம்பதிகள். அதாவது 12, 13 குடும்பம். அதில் ஒரே ஒரு குடும்பம் தன் 401(கே)-யிலிருந்து 3 லட்சம் டாலரை எடுத்து, இவர் சொன்ன அன்யூட்டியில் போடுகிறது. பத்து வருஷப் பூட்டு உள்ள இந்த வகை அன்யூட்டியில் ஏஜென்ட் கமிஷன் 6, 7 சதவிகிதம் என்பது சகஜம். 7 என்று வைத்தால் 21,000 டாலர். ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டால் மூன்று டின்னருக்குப் பணம் வந்துவிட்டது. இரண்டாவது குடும்பமும் போட்டால் அது முழுக்க லாபம்.

ஆக, அந்தச் சாப்பாடு உங்களுக்கு இலவசம்தான். பக்கத்து டேபிள்ல இருக்கிறவர் உங்க பில்லையும் சேர்த்துக் கட்டப் போறார். யார் அந்தப் பக்கத்து டேபிள்காரர் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இதை நடத்துபவர் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியதும் இல்லை. வயது, ஏரியா, வருமானம் பார்த்து அட்ரஸ் லிஸ்ட் எடுப்பது, கார்டு அனுப்புவது, ஹோட்டல் புக் பண்ணுவது, ஸ்லைடு தயாரித்துக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் பேக்கேஜாகச் செய்து தரும் மார்க்கெட்டிங் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. சாப்பிட மட்டும் வந்து போகிறவர்களுக்கு அந்தத் தொழிலில் ஒரு பட்டப்பெயரே உண்டு: பிளேட் லிக்கர்ஸ். தமிழில் சொன்னால் தட்டு நக்கிகள். கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு பேர்!

விற்கப்படுவது என்ன?

எல்லா செமினாரிலும் ஒரே பொருள் இல்லை. ஆனால் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இண்டெக்ஸ்டு அன்யூட்டி. 1995-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பொருள் இது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மொத்தமாகப் பணம் கொடுக்கிறீர்கள். எஸ் அண்ட் பி 500 மாதிரி ஒரு இண்டெக்ஸ் ஏறினால் உங்களுக்கும் அதில் ஒரு பங்கு வட்டியாக வரும். இறங்கினால் அந்த வருஷம் பூஜ்யம், நஷ்டம் இல்லை.

கேட்கும்போது சூப்பரா இருக்குல்ல? ஏறினா எனக்கு, இறங்கினா கம்பெனிக்கு.

ஆனால் ஏற்றத்துக்கு ஒரு கேப், அதாவது உச்சவரம்பு இருக்கும். உதாரணத்துக்கு 6 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 2013-ல் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் 29.6 சதவிகிதம் ஏறியது. டிவிடெண்டையும் சேர்த்தால் 32-க்கு மேல். இந்த அன்யூட்டிக்காரருக்குக் கிடைத்திருப்பது 6. டிவிடெண்ட் இவர் கணக்குக்கே வராது. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2008-ல் அதே இண்டெக்ஸ் 38 சதவிகிதம் விழுந்தபோது இவர் இழந்திருப்பது ஒன்றும் இல்லை. அந்த வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மார்க்கெட் பக்கமே போக பயப்படுகிறவர், தன் பணத்தில் ஒரு பகுதியை, விஷயம் தெரிந்து இதில் போட்டால் அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எஃப்.டி-யோடு ஒப்பிட வேண்டிய பொருள் இது. செமினாரில் பங்குச் சந்தையோடு ஒப்பிடுவார்கள், அங்கேதான் கோளாறு.

அடுத்தது பூட்டு. சரண்டர் சார்ஜ். முதல் வருஷம் எடுத்தால் 10 சதவிகிதம் பிடிப்பார்கள், வருஷத்துக்கு ஒன்று குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வருஷத்துக்கு 10 சதவிகிதம் வரை சார்ஜ் இல்லாமல் எடுக்க விடுவார்கள். 3 லட்சம் போட்டவருக்கு மூன்றாவது வருஷம் ஒரு ஆபரேஷன், 1.5 லட்சம் தேவை. 30,000 சும்மா எடுக்கலாம். மீதி 1,20,000-க்கு 8 சதவிகிதம், அதாவது 9,600 டாலர் போச்சு. அதுவும் அவருடைய சொந்தப் பணத்தை எடுக்க.

ஏன் இந்தப் பூட்டு? ஏஜென்ட்டுக்குக் கமிஷன் முதல் நாளே போய்விட்டது. அது உங்கள் ஸ்டேட்மென்ட்டில் கழிக்கப்பட்டதாகத் தெரியாது. 3 லட்சம் போட்டால் 3 லட்சம்தான் காட்டும். "உங்களிடம் நான் ஒரு பைசாவும் வாங்குவதில்லை, எனக்குக் கம்பெனி தருகிறது" என்று அவர் சொல்வதும் பொய் இல்லை. கொடுத்த கமிஷனை கம்பெனி வருஷா வருஷம் உங்கள் வளர்ச்சியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொள்ளும். எடுத்து முடிப்பதற்குள் நீங்கள் போய்விட்டால்? அதற்குத்தான் சரண்டர் சார்ஜ். பூட்டு எவ்வளவு வருஷமோ, கமிஷனும் பெரும்பாலும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கும். "சேர்ந்தவுடன் 10 சதவிகிதம் போனஸ்" என்று விளம்பரம் வந்தால், பூட்டு எத்தனை வருஷம், கேப் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். போனஸ் இல்லாத பிளானோடு வைத்துப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கூல்டிரிங்கின் விலை

சாப்பிட்டதுக்காக யாராவது 3 லட்சத்தைத் தூக்கிக் கொடுப்பாங்களா, அவ்வளவு ஏமாளிங்களா மனுஷங்க? இந்தக் கேள்வி நியாயம்தான். 1971-ல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். கூட இருக்கும் ஒருவர், கேட்காமலேயே, நமக்கும் சேர்த்து ஒரு கோக் வாங்கி வந்து கொடுக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் லாட்டரி டிக்கெட் விற்கிறேன், சில டிக்கெட் வாங்கிக்கறீங்களா?" என்று கேட்கிறார். கோக் வாங்கிக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு டிக்கெட் வாங்கினார்கள். டிக்கெட் வாங்கிய காசு கோக்கின் விலையைவிட அதிகம். அந்த ஆளைப் பிடிக்காதவர்கள்கூட, கோக் குடித்திருந்தால் வாங்கினார்கள்.

நம்ம ஊரில் இதைச் சோதனை பண்ணித்தான் சொல்லணும்னு இல்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு அவங்க கேட்ட சின்ன உதவியை மறுக்க எவ்வளவு கஷ்டமா இருக்கும்!

செமினாரிலும் 3 லட்சத்தை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. கேட்பது ரொம்பச் சின்னது. சாலட் வரும்போது அறிமுகம், ஒரு ஜோக். அப்புறம் ஸ்லைடில் 2008 மார்க்கெட் சரிவு. முதியோர் இல்லத்தில் ஒரு வருஷம் இருந்தால் என்ன செலவாகும் என்று ஒரு படம். 95 வயது வரை உயிரோடு இருந்தால் பணம் போதுமா என்ற கேள்வி. இடையில் உண்மையிலேயே பயனுள்ள தகவலும் வரும். சோஷியல் செக்யூரிட்டியை 62 வயதிலேயே வாங்கினால் தொகை குறையும், முழு வயதைத் தாண்டி 70 வரை தள்ளினால் வருஷத்துக்கு 8 சதவிகிதம் கூடும் என்பது சரியான தகவல், அரசு வெப்சைட்டிலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும், "இவர் விஷயம் தெரிஞ்சவர்" என்ற எண்ணம் வந்துவிடும்.

டெசர்ட் வரும்போது ஒரு ஃபார்ம் வரும். பேச்சு எப்படி இருந்தது என்று மார்க் போடும் ஃபார்ம். கூடவே பெயர், போன் நம்பர், ரிட்டயர்மென்ட் கணக்குகளில் சுமாராக எவ்வளவு இருக்கிறது என்று டிக் அடிக்கக் கட்டங்கள், இலவச ஆலோசனைக்கு எந்த நாள் வசதி. இவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஒரு அப்பாயின்ட்மென்ட் கொடுக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அவ்வளவுதான். டின்னரின் வேலை முடிந்தது. அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரும்போது "எல்லா ஸ்டேட்மென்ட்டையும் கொண்டு வாருங்கள்" என்பார்கள். அங்கே 25 பேர் இல்லை, பக்கத்து டேபிளிலிருந்து குறுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

ரெகுலேட்டர் என்ன பண்ணினாங்க?

சும்மா இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி, மாநில ரெகுலேட்டர்கள், புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா மூவரும் சேர்ந்து ஏழு மாநிலங்களில் இப்படி இலவசச் சாப்பாட்டு செமினார் நடத்தும் நிறுவனங்களில் 110 ஆய்வுகள் நடத்தி, 2007 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். கல்வி நிகழ்ச்சி, பயிலரங்கம் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தாலும், பார்த்த அத்தனையும் விற்பனைக்காக நடந்தவைதான் என்றது அறிக்கை. பாதிக்கும் மேற்பட்டவற்றில் விளம்பரம் மிகைப்படுத்தியதாக, தவறாக வழிநடத்தக்கூடியதாக இருந்தது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கில் வாடிக்கையாளருக்குப் பொருந்தாத முதலீடு பரிந்துரைக்கப்பட்டிருந்தது. 13 சதவிகிதத்தில் மோசடிக்கான அறிகுறியே தெரிந்தது.

அதன்பின் எஸ்.இ.சி இண்டெக்ஸ்டு அன்யூட்டியைப் பங்கு, பத்திரங்களைப் போலத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர 151ஏ என்று ஒரு விதி போட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2010-ல் விதி ரத்தானது. அதே வருஷம் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்து, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட இந்த அன்யூட்டிகள் இன்ஷூரன்ஸ்தான், மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ரிட்டயர்மென்ட் பணத்துக்கு ஆலோசனை சொல்பவர் வாடிக்கையாளர் நலனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தொழிலாளர் துறை 2016-ல் கொண்டுவந்த விதியை 2018-ல் கோர்ட் ரத்து செய்தது. 2024-ல் திரும்ப ஒன்று கொண்டுவந்தார்கள், அமலுக்கு வருவதற்குள் டெக்சாஸ் கோர்ட்டுகள் நிறுத்தி வைத்தன. நடுவில், 2020-க்குப் பிறகு, பெரும்பாலான மாநிலங்கள் அன்யூட்டி விற்பவர்களுக்கான விதிகளைக் கொஞ்சம் இறுக்கியிருக்கின்றன.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல். ஒருவர் இன்ஷூரன்ஸ் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டே இந்த அன்யூட்டியை விற்கலாம். ஃபின்ராவின் புரோக்கர்செக் என்ற இலவச வெப்சைட்டில் பெயரைத் தேடினால் புகார், தண்டனை எல்லாம் வரும் என்று பலர் சொல்வார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மட்டுமாக இருப்பவர் அதில் வராமலே போகலாம். பெயர் இல்லை என்றால் புகார் இல்லை என்று அர்த்தம் இல்லை. மாநில இன்ஷூரன்ஸ் துறையிலும் பார்க்க வேண்டும்.

அப்ப போகவே கூடாதா?

என் கருத்து: போகலாம். ஸ்டேக் நல்லா இருந்தா சாப்பிடலாம், ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். அது அவங்க மார்க்கெட்டிங் செலவு. ஃபார்மில் எதையும் நிரப்பாமல் எழுந்து வரும் தைரியம் இருந்தால் போதும். அந்தத் தைரியம் நமக்கு இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், கோக் குடித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். போகிறவர் இரண்டு கேள்வியை எல்லார் முன்னாடியும் கேட்டுப் பார்க்கலாம். நான் 1 லட்சம் போட்டால் உங்களுக்கு எத்தனை டாலர் வரும்? மூன்றாவது வருஷம் முழுப் பணத்தையும் எடுத்தால் என் கைக்கு எவ்வளவு வரும்? இரண்டுக்கும் பதில் எண்ணாக வர வேண்டும். "அதை நம்ம ஆபீஸ்ல உட்கார்ந்து விரிவா பேசலாமே" என்று வந்தால், டெசர்ட்டை முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இங்கே, நம்ம வீட்டில்

நம்ம அப்பா அம்மாவுக்கு ஸ்டேக் கார்டு வருவதில்லை. பி.எஃப், கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் எல்லாம் ஒரே மாதத்தில் ஒரே சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் வந்து விழும். கார்டு அனுப்பி ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை, அக்கவுன்ட் பேலன்ஸ் பேங்க் ஸ்க்ரீனிலேயே தெரிகிறது. அங்கே டின்னர் செய்யும் வேலையை இங்கே மேனேஜர் கேபினில் ஒரு காபி, "சார் உக்காருங்க" என்ற மரியாதை, 20 வருஷப் பழக்கம் செய்துவிடும். எஃப்.டி போடப் போனவர் பல வருஷம் பிரீமியம் கட்டும் பாலிசியோடு திரும்பி வந்த கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும்.

சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீமுக்கு யாரும் கூட்டம் போட்டுச் சாப்பாடு போடுவதில்லை, கவனிச்சிருக்கீங்களா? ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், அரசு உத்தரவாதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. ஆனால் அதற்கான ஏஜென்ட் கமிஷன் 2011 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்கள். ஐ.என்.ஏ என்று ஆரம்பித்தால் செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர், உங்களிடம் ஃபீஸ் வாங்குபவர். ஏ.ஆர்.என் என்றால் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஃபண்ட் கம்பெனியிடம் கமிஷன் வாங்குபவர். இரண்டாமவர் கெட்டவர் என்று இல்லை. யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேச்சைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு என்றால் ஃப்ரீ லுக் காலம் இருக்கிறது. அமெரிக்காவில் அன்யூட்டிக்கு மாநிலத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 30 நாள். இங்கே ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல் 30 நாளாக்கியது, முன்பு பொதுவாக 15 நாள்தான். பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அந்தச் சில நாள் ரிஸ்க் கவருக்கான பிரீமியம், மெடிக்கல் டெஸ்ட் செலவு, ஸ்டாம்ப் டியூட்டி போக மீதி திரும்பி வரும். யூலிப் என்றால் அன்றைய யூனிட் விலையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆவணம் இப்போது பல சமயம் ஈமெயிலில்தான் வருகிறது, அப்பாவோட ஈமெயில் பாஸ்வேர்டு அப்பாவுக்கே ஞாபகம் இருக்காது. அதனால் இந்த வருஷம் வீட்டில் யாராவது ரிட்டயர் ஆகிறார்கள் என்றால், அவருடைய இன்பாக்ஸையும் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள்.